பச்சை மண்ணுக்குப் பட்டினியா?

குறைமாதக் குழந்தைக்கு முதல் நாளிலேயே உணவு வேண்டும்

"பத்து மாதம் சுமந்து பெற்றேன்" என்று தாய் சொல்கிறாள்.

அந்தக் கணக்கு தப்பு அல்ல. 28 நாளை ஒரு மாதம் என்று வைத்தால், பத்து மாதத்துக்கு 280 நாள். அதாவது 40 வாரம். டாக்டர்கள் சொல்லும் கணக்கும் அதுதான்.

37 வாரம் முடிவதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்குக் குறைமாதக் குழந்தை என்று பெயர்.

உலகத்தில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று இப்படி அவசரப்பட்டுப் பிறக்கிறது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவர்களில் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். அந்த ஆண்டில் வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு குறைமாதக் குழந்தைகள் பிறக்கவில்லை.

ஒரு காலத்தில், ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். இன்று நல்ல ஆஸ்பத்திரியில் பிறந்தால் அத்தகைய குழந்தைகளில் பலர் பிழைக்கிறார்கள்.

மகிழ்ச்சிதான். ஆனால், பிழைத்த பிறகு?

குழந்தை நேரத்துக்கு நடக்குமா? பேசுமா? பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலப் படிக்குமா?

கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஒவ்வொரு தாயும் கேட்கும் கேள்வி இது. அதற்கு உரிய பதிலில் ஒரு பகுதி, குழந்தை பிறந்த முதல் சில மணி நேரத்தில் அதன் உடம்புக்குள் என்ன போகிறது என்பதில் இருக்கிறது.

கொடி அறுந்தது, சாப்பாடு நின்றது

வயிற்றில் இருக்கும் குழந்தை வாயால் சாப்பிடுவது இல்லை. தாய் சாப்பிட்ட உணவின் சத்து இரத்தத்தில் கலக்கிறது. நஞ்சுக்கொடி அந்தச் சத்தை வடிகட்டி எடுத்து, தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு அனுப்புகிறது. இரவும் பகலும் இந்தப் பந்தி நடக்கிறது. ஒரு நிமிடம்கூட அது நிற்பது இல்லை.

கடைசி மூன்று மாதத்தில் குழந்தை மிக வேகமாக வளர்கிறது. 28-ஆம் வாரத்தில் அதன் எடை சுமார் ஒரு கிலோ. 40-ஆம் வாரத்தில் சுமார் மூன்று கிலோ. பன்னிரண்டு வாரத்தில் மூன்று மடங்கு!

மூளையும் அப்போதுதான் வேகமாக வளர்கிறது. 24-ஆம் வாரத்தில் மூளையின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். 40-ஆம் வாரத்துக்குள் அதில் மடிப்பு மடிப்பாக விழுந்துவிடும். 34-ஆம் வாரத்தில்கூட மூளையின் எடை, நிறைமாதக் குழந்தையின் மூளை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும்.

இந்த நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டால் என்ன ஆகும்?

கொடியை அறுக்கிறார்கள். அந்தக் கணத்திலேயே பந்தி நின்றுபோகிறது. ஆனால் மூளையின் வேலை நிற்பது இல்லை. வயிற்றுக்குள் செய்ய வேண்டிய வேலையை அது வெளியே வந்து செய்கிறது. அதற்குச் சரக்கு வேண்டும்.

நிறைமாதக் குழந்தையின் உடம்பில் கொழுப்புச் சேமிப்பு உண்டு. தாய்க்குப் பால் ஊறும் வரை அது தாங்கும். ஒரு கிலோ குழந்தைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. எதுவுமே கொடுக்காவிட்டால் அது நாலைந்து நாளுக்குத்தான் தாங்கும் என்பது டாக்டர்களின் கணக்கு.

ஊரில் ஒரு பேச்சு உண்டு. "ஏழு மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதத்துப் பிள்ளை பிழைக்காது" என்பார்கள். அது சரி அல்ல. ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தைக்குப் பலம் கூடுகிறது. ஏழு மாதத்துப் பிள்ளையைவிட எட்டு மாதத்துப் பிள்ளைக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

பால் கொடுத்தால் போதாதா?

தாய்ப்பால்தான் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம்.

கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மிகச் சிறிய குழந்தைக்கு உடனே முழு அளவு கொடுக்க முடியாது.

பால் குடிப்பது எளிய வேலையாகத் தெரிகிறது. உண்மையில் அது மூன்று வேலை. சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை, ஏறத்தாழ 32 முதல் 34 வாரத்தில்தான் குழந்தைக்கு வருகிறது. அதற்கு முன்பு பிறந்த குழந்தைக்கு மெல்லிய குழாய் வழியாகத்தான் பாலை வயிற்றுக்குள் விட வேண்டும்.

குடலும் அப்போது பக்குவப்பட்டிருக்காது. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழற்சி என்ற பொல்லாத நோய் வருவது உண்டு. குடலின் ஒரு பகுதியே அழுகிவிடலாம். ஆகவே டாக்டர்கள் துளித் துளியாகத் தொடங்கி, நாளுக்கு நாள் பாலைக் கூட்டுகிறார்கள். முழு அளவு வரச் சில நாட்கள் ஆகும். சில குழந்தைகளுக்கு இரண்டு வாரமும் ஆகலாம்.

அதுவரை குழந்தை பட்டினி கிடக்கலாமா?

பட்டினி போட்ட காலம்

ஒரு காலத்தில் டாக்டர்களே பட்டினி போட்டார்கள்!

1950-களில் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில், குறைமாதக் குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று நாள் எதுவும் கொடுப்பது இல்லை. பால் மூச்சுக்குழாயில் போய்விடுமே என்று பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

ஆனால் பட்டினி கிடந்த குழந்தைகளின் இரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. மஞ்சள் காமாலை கூடியது. சர்க்கரை மிகவும் குறைந்துபோனால் மூளைக்கு ஆபத்து.

1964-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உள்ள ஆக்ஸ்போர்டு நகரத்தில் இரண்டு பெண் டாக்டர்கள் துணிந்தார்கள். ஒருவர் விக்டோரியா ஸ்மால்பீஸ். மற்றவர் பமீலா டேவிஸ். குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே, தண்ணீர் கலக்காத தாய்ப்பாலைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். சர்க்கரை குறைவதும் காமாலை கூடுவதும் தணிந்தன. பட்டினி வைத்தியம் மெல்ல மெல்ல மறையத் தொடங்கியது.

ஆனால் குடல் தாங்காத குழந்தைக்கு என்ன வழி? அந்த வழி, கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் பிறந்தது.

நாய்க்குட்டிகள் சொன்ன செய்தி

அமெரிக்காவில் உள்ள பிலடெல்பியா நகரத்தில் ஸ்டான்லி டுட்ரிக் என்ற இளம் டாக்டர் இருந்தார். ஜொனாதன் ரோட்ஸ் என்ற பெரிய சர்ஜனிடம் அவர் வேலை பார்த்தார். குடல் வேலை செய்யாத நோயாளிகள், ஆபரேஷன் நன்றாக நடந்தும் பட்டினியால் இறப்பதை அவர் கண்டார்.

குடலை நம்பாமல், இரத்தத்திலேயே உணவைக் கொடுத்தால் என்ன?

அது புதிய யோசனை அல்ல. 1944-லேயே அமெரிக்காவில் ஐந்து மாதக் குழந்தை ஒன்றுக்குச் சில நாள் இப்படி உணவு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நெடுநாள் கொடுக்க முடியவில்லை. சத்து நிறைந்த கெட்டியான திரவம், கையில் உள்ள சிறிய இரத்தக் குழாய்களைப் புண்ணாக்கிவிடும். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தால் சத்து போதாது.

டுட்ரிக் இதயத்தின் அருகே உள்ள பெரிய இரத்தக் குழாயைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இரத்தம் வெள்ளம்போல ஓடுகிறது. கெட்டியான திரவம் போய் விழுந்தாலும் அது உடனே கரைந்துவிடும். குழாய் புண்ணாவது இல்லை.

முதலில் நாய்க்குட்டிகளிடம் சோதனை நடந்தது. ஆறு குட்டிகளுக்கு வாய் வழியாக ஒன்றுமே கொடுக்கவில்லை. எல்லா உணவும் இரத்தக் குழாய் வழியாகவே போயிற்று. 72 நாள் முதல் 256 நாள் வரை இது நடந்தது. அந்தக் குட்டிகள், வாயால் தின்ற தங்கள் உடன்பிறப்புகளைப் போலவே வளர்ந்தன!

1967-ல் பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை, குடல் சரியாக உருவாகாமல் பிறந்தது. எந்த உணவும் உடலில் சேரவில்லை. குழந்தை மெலிந்துகொண்டே போனது. டுட்ரிக்கும் டக்ளஸ் வில்மோர் என்ற டாக்டரும் அந்தக் குழந்தைக்கு இரத்தக் குழாய் வழியாக உணவு கொடுத்தார்கள். குழந்தையின் எடை கூடியது. உயரம் கூடியது. தலையின் சுற்றளவும் கூடியது. தலை வளர்கிறது என்றால், மூளை வளர்கிறது என்று பொருள்.

அந்தக் குழந்தை பல மாதங்கள் வாழ்ந்த பிறகு இறந்துபோனது. ஆனால் அது காட்டிய வழியில் பின்னால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தார்கள். 1968-ல் அந்தச் செய்தி மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. இரத்தக் குழாய் வழியாகவே உணவு கொடுத்து ஒரு குழந்தையை வளர்க்க முடியும் என்பதை உலகம் அறிந்தது.

ஸ்வீடன் நாட்டில் ஆர்வித் ரெட்லிண்ட் என்பவர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். எண்ணெயை நேரே இரத்தத்தில் ஏற்றினால் ஆள் பிழைக்க முடியாது. அவர் சோயா எண்ணெயை, முட்டை மஞ்சள் கருவில் இருந்து எடுத்த ஒரு பொருளோடு கலந்து, மிகச் சிறிய துளிகளாகப் பால்போல ஆக்கினார். 1960-களின் தொடக்கத்தில் அது வழக்கத்துக்கு வந்தது. இன்றும் குழந்தைகளுக்கு ஏற்றும் வெள்ளை நிறத் திரவம் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

அது வெறும் தண்ணீர் அல்ல

"குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள்" என்று குடும்பத்தார் சொல்வார்கள். "நரம்பு ஊசி" என்றும் சொல்வார்கள். உண்மையில் அந்த ஊசி போவது நரம்பில் அல்ல, இரத்தக் குழாயில்.

எல்லா டிரிப்சும் ஒன்று அல்ல. குளுகோஸ் தண்ணீர் வேறு. இந்த உணவு வேறு.

குளுகோஸ் உடம்புக்கு விறகு போன்றது. அடுப்பு எரியும். ஆனால் விறகால் வீடு கட்ட முடியாது. சுவர் எழுப்பச் செங்கல் வேண்டும். உடம்புக்குச் செங்கல், அமினோ அமிலம். பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் உள்ள புரதம், வயிற்றில் செரித்து உடையும்போது கிடைப்பது அதுதான்.

மிகச் சிறிய குறைமாதக் குழந்தைக்குக் குளுகோஸ் மட்டும் கொடுத்தால் என்ன நடக்கிறது? அது தன் சொந்தத் தசையையே உடைத்துச் செலவு செய்கிறது. உடம்பில் உள்ள புரதத்தில் நாள் ஒன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு கரைந்துபோகிறது. வயிற்றுக்குள் இருந்திருந்தால் அதே நாட்களில் அது கூடிக்கொண்டே போயிருக்கும்.

ஆகவே, இந்த உணவில் எல்லாம் சேர்கிறது. குளுகோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து, பாஸ்பேட் உப்பு, மற்ற உப்புகள், வைட்டமின்கள். ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு.

ஐரோப்பிய நாட்டுக் குழந்தை டாக்டர்கள் 2018-ல் வெளியிட்ட விதிப்படி, முதல் நாளில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அமினோ அமிலமாவது கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் முதல் அது இரண்டரை முதல் மூன்றரை கிராம் வரை போகலாம். ஒன்றரை கிராம் என்பது எவ்வளவு? ஒரு சின்னத் தேக்கரண்டிச் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு! அந்தச் சிட்டிகைதான் குழந்தையின் தசையைக் காக்கிறது.

எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் இது தேவை இல்லை. 35-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் தாய்ப்பாலே போதும். மிக முன்னதாகப் பிறந்த, மிகச் சிறிய குழந்தைகளுக்குத்தான் தேவை. பிரிட்டனில் 2020-ல் ஒரு விதி செய்தார்கள். 31 வாரம் நிறையும் முன் பிறந்த குழந்தைகளுக்கு இந்த உணவு கொடுக்க வேண்டும். கொடுப்பது என்று முடிவு செய்தால் உடனே தொடங்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது.

படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிறந்த வாரத்தில் சாப்பிட்டது, பள்ளிக்கூடம் போகும் வயதில் தெரியுமா?

தெரியும் என்பதற்கு ஒரு சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. 1980-களில் ஆலன் லூக்காஸ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் குறைமாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவாயிற்று. ஒரு பிரிவுக்குச் சாதாரணப் புட்டிப்பால். இன்னொரு பிரிவுக்குச் சத்து கூட்டிய புட்டிப்பால். சராசரியாக ஒரு மாதம்தான் இந்த வித்தியாசம். அப்புறம் எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒன்றரை வயதில் பார்த்தபோது, சத்துப் பால் குடித்த குழந்தைகள் வளர்ச்சியில் முன்னால் இருந்தார்கள். ஏழரை, எட்டு வயதில் மீண்டும் பார்த்தார்கள். ஆண் பிள்ளைகளிடம் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. அந்தப் புட்டிப்பாலை மட்டுமே உணவாகக் கொண்டிருந்த சிறுவர்களில், சாதாரணப் பால் குடித்தவர்கள், பேச்சும் சொல்லும் சார்ந்த அறிவுச் சோதனையில் 12 புள்ளி பின்தங்கி இருந்தார்கள்.

ஒரு மாதச் சாப்பாடு! எட்டு வருடம் கழித்தும் தெரிந்தது!

அது பாலைப் பற்றிய சோதனை. இரத்தக் குழாய் உணவுக்கும் இது பொருந்துமா?

அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்ற நகரத்தில் 148 குழந்தைகளின் கணக்கைப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தவர்கள். 2009-ல் முடிவு வெளிவந்தது. முதல் வாரத்தில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் கூடுதலாகப் பெற்ற குழந்தைகள், ஒன்றரை வயதில் அறிவு வளர்ச்சிச் சோதனையில் 8 புள்ளி கூடுதலாகப் பெற்றிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் ஒரு ஆசை வரும். அப்படியானால் இன்னும் கொடுக்கலாமே! இரண்டு பங்கு கொடுத்தால் பிள்ளை இரண்டு பங்கு கெட்டிக்காரன் ஆவானே!

இங்கேதான் நிதானம் வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால்...

பிராவிடன்ஸ் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. நோய் அதிகமாக இருந்த குழந்தைக்கு டாக்டர்கள் குறைவாக உணவு கொடுத்திருப்பார்கள். அந்தக் குழந்தை பின்தங்கியதற்குக் காரணம் உணவுக் குறைவா? அல்லது நோயா? கணக்கை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அதனால் சீட்டுக் குலுக்கிச் சோதிக்க வேண்டி வந்தது.

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து அதைச் செய்தன. ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த 434 குழந்தைகள். எல்லோருக்கும் வழக்கமான உணவு உண்டு. அதற்கு மேல், ஒரு பாதிக்கு நாள்தோறும் ஒரு கிராம் அமினோ அமிலம் கூடுதலாக ஐந்து நாள் கொடுத்தார்கள். மறு பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது.

2022-ல் முடிவு வந்தது. இரண்டு வயதில் குறைபாடு இல்லாமல் இருந்த குழந்தைகள், கூடுதல் சத்து பெற்ற 203 பேரில் 97. உப்புத் தண்ணீர் பெற்ற 205 பேரில் 102.

ஏறத்தாழ சமம்! கூடுதல் சத்தால் லாபம் இல்லை. அது மட்டும் அல்ல. பெரிய அளவு குறைபாடு உள்ள குழந்தைகள், கூடுதல் சத்து பெற்ற பிரிவில்தான் அதிகமாக இருந்தார்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ நகரத்திலும் இதே போன்ற எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது. 2012-ல் வந்த அந்த முடிவில், முதல் நாட்களில் மிக அதிக அளவு அமினோ அமிலம் பெற்ற குழந்தைகள் ஒன்றரை வயதில் பின்தங்கியே இருந்தார்கள்.

ஏன் இப்படி? ஒரு காரணம் டாக்டர்களுக்குத் தெரிகிறது. சத்து வேகமாக ஏறும்போது உடம்பின் ஒவ்வொரு அணுவும் அவசரமாக வேலையைத் தொடங்குகிறது. அப்போது இரத்தத்தில் உள்ள பாஸ்பேட் உப்பை அணுக்கள் இழுத்துக்கொள்கின்றன. இரத்தத்தில் அது குறைந்துபோனால் தசை சோரும், மூச்சு தடுமாறும். பக்குவப்படாத ஈரலும் சிறுநீரகமும் அதிகச் சுமையைத் தாங்குவது இல்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. பெரியவர்கள் சொன்னது ஒரு கிலோ குழந்தைக்கும் பொருந்துகிறது.

இரத்தக் குழாய் உணவில் வேறு ஆபத்துகளும் உண்டு. குழாய் வழியாகக் கிருமி நுழையலாம். இரத்தத்தில் சர்க்கரை ஏறலாம். நெடுநாள் கொடுத்தால் ஈரல் கெடலாம். ஆகவே, பால் அளவு கூடக் கூட, இந்த உணவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட வேண்டும். இது ஆற்றைக் கடக்கும் ஓடம். அக்கரை தாய்ப்பால்.

எது முடிவு?

இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் தெரிந்தது இதுதான்.

பட்டினி போடக் கூடாது. முதல் மணி நேரங்களிலேயே தொடங்க வேண்டும். குளுகோஸ் மட்டும் போதாது. ஆனால் அளவுக்கு மேல் திணிக்கவும் கூடாது. இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்க வேண்டும்.

இதைச் செய்ய என்ன வேண்டும்? கிருமி இல்லாத இடத்தில் திரவத்தைக் கலக்க ஏற்பாடு வேண்டும். மணிக்கு இத்தனை துளி என்று பிசகாமல் செலுத்தும் பம்பு வேண்டும். இரவிலும் இரத்தம் சோதிக்கும் வசதி வேண்டும். கை கழுவாமல் குழாயைத் தொடாத நர்சுகள் வேண்டும். அப்படிப்பட்ட நர்சுகள் போதுமான எண்ணிக்கையில் வேண்டும்.

பெரிய நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இவை இருந்தால் மட்டும் போதாது. குறைமாதக் குழந்தை, நகரம் பார்த்துப் பிறப்பது இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியிலும் இவை இருக்க வேண்டும். இல்லாத இடத்தில், பிரசவத்துக்கு முன்பே தாயை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். வயிற்றில் இருக்கும்போது குழந்தையைக் கொண்டுபோவது எளிது. பிறந்த பிறகு கொண்டுபோவது கடினம்.

இது தர்மம் அல்ல, செலவும் அல்ல. பின்தங்கிய ஒரு பிள்ளைக்காக ஒரு குடும்பம் ஆயுள் முழுவதும் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், முதல் வாரத்தில் செய்யும் செலவு சிறியது.

தாய் என்ன செய்யலாம்?

டாக்டர் கையில் குழாய் இருக்கிறது. தாயின் கையில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது!

முதலாவது, பால். குழந்தை குடிக்க முடியாவிட்டாலும், பிறந்த சில மணி நேரத்திலேயே பாலைப் பீய்ச்சத் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பீய்ச்ச வேண்டும். முதலில் சில துளிதான் வரும். வெட்கப்பட வேண்டாம். அந்த மஞ்சள் நிறச் சீம்பால் குழந்தைக்கு அருமருந்து. அதைக் கொட்டிவிடுவது பாவம். மார்பைக் காலி செய்யச் செய்யத்தான் பால் ஊறும்.

ஆலன் லூக்காஸ் 1992-ல் இன்னொரு கணக்கும் வெளியிட்டார். குறைமாதத்தில் பிறந்து, முதல் வாரங்களில் குழாய் வழியாகத் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள், ஏழரை, எட்டு வயதில் அறிவுச் சோதனையில் 8 புள்ளி கூடுதலாகப் பெற்றார்கள். தாயின் படிப்பையும் குடும்ப நிலையையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது. இது சீட்டுக் குலுக்கிய சோதனை அல்ல. ஆகவே முழுவதும் பாலின் மகிமை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தாய்ப்பால் குடல் அழற்சியையும் கிருமியையும் தடுக்கிறது என்பது உறுதி.

இரண்டாவது, மார்புச் சூடு. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைப்பது. கங்காரு தன் குட்டியை மடியில் வைத்திருப்பது போல. 1970-களின் கடைசியில் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் தொடங்கிய முறை இது. குழந்தை குளிரில் நடுங்கினால், கிடைத்த சத்தையெல்லாம் சூடாக்கவே செலவழித்துவிடும். தாயின் மார்பு அந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து செய்த சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்த சிறிய குழந்தைகளிடையே சாவு நாலில் ஒரு பங்கு குறைந்தது. தந்தையும் அணைக்கலாம். பாட்டியும் அணைக்கலாம்.

மூன்றாவது, கேள்வி. "டாக்டர், என் பிள்ளைக்கு என்ன ஏறுகிறது? குளுகோஸ் மட்டுமா? எத்தனை மில்லி பால் போகிறது? எடை கூடியதா? தலைச் சுற்றளவு அளந்தீர்களா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பெற்றவர்களின் உரிமை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆஸ்பத்திரியில் இருந்து குழந்தை வீடு வந்துவிட்டது. ஆரத்தி எடுத்தாயிற்று. கதை முடிந்ததா?

இல்லை. பாதிக் கதைதான் முடிந்தது.

குறைமாதக் குழந்தையின் வயதை இரண்டு விதமாகக் கணக்குப் போட வேண்டும். பிறந்த நாளில் இருந்து ஒரு கணக்கு. பிறந்திருக்க வேண்டிய நாளில் இருந்து ஒரு கணக்கு. மூன்று மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது ஒன்பது மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் அதற்கு ஆறு மாதம்தான். "பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழ்கிறதே, இது தவழவில்லையே!" என்று கலங்க வேண்டாம். இரண்டு வயது வரை இந்தக் கழித்தல் கணக்கைப் போட வேண்டும். தடுப்பு ஊசிக்கு மட்டும் பிறந்த நாள் கணக்குதான்.

ஒரு மாதத்துக்குள் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ஒரு நோய் வரும். நேரத்தில் கண்டால் பார்வையைக் காப்பாற்றலாம். தவறவிட்டால் பார்வை போய்விடலாம். காதையும் சோதிக்க வேண்டும்.

கழுத்து நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, சத்தம் கேட்டுத் திரும்புகிறதா, உட்காருகிறதா, சொல் பேசுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். குறை தெரிந்தால் உடனே பயிற்சி தொடங்கலாம். 2013-ல் இந்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை இப்படிச் சோதித்து உதவி செய்ய மாவட்ட மையங்கள் ஏற்பட்டன. பல பெற்றோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போதே, "இந்தத் தேதியில் இந்த இடத்துக்கு வாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். வராவிட்டால் தேடிப் போக வேண்டும்.

ஒரு ஆஸ்பத்திரி, "எங்களிடம் இத்தனை குறைமாதக் குழந்தைகள் பிழைத்தார்கள்" என்று கணக்குக் காட்டுகிறது. அது பெருமைதான். அந்தக் கணக்கின் பக்கத்தில் இன்னொரு கணக்கும் இருக்க வேண்டும். "பிழைத்தவர்களில் இத்தனை பேர் ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிறார்கள்" என்ற கணக்கு அது.

பழி வேண்டாம்

கடைசியாக ஒரு வார்த்தை, வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தால் பழி தாயின் மேல் விழுகிறது. "மாடிப்படி ஏறினாள், சொன்ன பேச்சு கேட்கவில்லை" என்பார்கள். பெரும்பாலான நேரங்களில் காரணம் இன்னது என்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவது இல்லை. பழி சொல்வதால் குழந்தையின் எடை ஒரு கிராம்கூட ஏறாது. தாயின் மனம் நொந்தால் பால் சுரப்பதும் தடைப்படும்.

அவளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் படுக்க ஓர் இடம் பாருங்கள். குழந்தையை மார்பில் அணைத்து அவள் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டு வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே குழாய் வழியாகக் குழந்தைக்கு உணவு போகிறது. வெளியே தாய்க்கும் யாராவது ஊட்ட வேண்டும்.